சீஸ் மேல் விழுந்த பழி

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். அங்கு நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. நீங்கள் நலமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டதால் கேட்கவில்லை.

நேற்று அம்மா போனில், “உங்கப்பா இப்பல்லாம் செருப்பே போடறதில்ல” என்றாள். ஏன் என்று கேட்டேன். “கட்டைவிரல் தக்காளி மாதிரி இருக்கு, உள்ள நுழையல” என்றாள், வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல.

உங்களிடமே போனில் கேட்டிருப்பேன். ஆனால் மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டே வளர்ந்த குரல் உங்களுடையது. நீங்கள் அங்கே ‘ஹலோ’ என்றால் இங்கே வாண்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். மறுபடி அவளைத் தூங்க வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. அதனால் கடிதம்.

அப்பா, அது கௌட். நான் படித்துப் பார்த்துவிட்டேன். ரத்தத்தில் யூரிக் அமிலம் அதிகமாகி, மூட்டில் ஊசி ஊசியாகப் படிந்து குத்துகிறது. புரதம் கூடினால் வருமாம். புரதம் எதில் இருக்கிறது? பாலில். அந்தப் பாலைத் திரித்து, பிழிந்து, மாதக்கணக்கில் முற்றவிட்டால்? சீஸ். தொழிற்சாலையில் அதைத் தினமும் ருசி பார்ப்பதுதான் உங்கள் உத்தியோகம். பிறகு கட்டைவிரல் சும்மா இருக்குமா?

ஆகவே இன்றிலிருந்து பால், தயிர், மோர், வெண்ணெய், சீஸ் எதுவும் உங்கள் வாய்க்குள் போகக்கூடாது. பாலுக்குப் பதிலாகப் பாட்டில் பழச்சாறு குடியுங்கள். ஒரு பெட்டி அனுப்புகிறேன். காலுக்கு வலு வர, தினமும் ஒரு கிண்ணம் எலும்பு சூப். எலும்புக்கு எலும்புதானே மருந்து.

நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஜூன் ஒன்றாம் தேதி நான் கண்ணாடிக் கடையில் திரும்பச் சேர வேண்டும். “வந்தா வா, இல்லேன்னா கண் டெஸ்ட் பண்ண வேற பொண்ணப் பார்த்துக்கறேன்” என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். மே கடைசியில் நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். வாண்டைப் பார்த்துக்கொள்ள உங்கள் இருவரை விட்டால் எனக்கு யாரும் இல்லை. உங்கள் மாப்பிள்ளைக்கு மாறி மாறி ஷிப்ட். உங்களை விட்டுவிட்டு அம்மா வரமாட்டாள். எங்கள் வீடோ மூன்றாவது மாடி. லிப்ட் கதவில் தொங்கும் ‘பழுது’ அட்டையே இப்போது கிழிந்து பழுதாகிவிட்டது. என் வேலை உங்கள் கால் கட்டைவிரலில் நிற்கிறது அப்பா.

பாலைத் தொடாமல் பதில் எழுதவும்.

உங்கள் மகள்


ஜனவரி 21

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். கட்டைவிரல் கொஞ்சம் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை பேர் தன்னைப் பற்றியே பேசினால் யாருக்குத்தான் வெட்கம் வராது?

நீ கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு சரி. சீஸேதான். வேறு எதுவாக இருக்க முடியும்? நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆகவே நீ மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டாம். பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வேலையில்தான் சிக்கல். சீஸ் முற்றும் அறையில் உருளையைச் சுத்தியால் தட்டி, குழல் ஊசியால் குத்தி, ஒரு துண்டை உருவி, விரலில் நசுக்கி, மோந்து, பிறகு நாக்கில் வைத்துத்தான் இது விற்பனைக்குப் போகலாமா என்று சொல்ல முடியும். மோந்து பார்ப்பது வரை நான் செய்கிறேன். நாக்கு வேலைக்கு மட்டும், லேபிள் ஒட்டும் அம்மாவைக் கூப்பிட்டு வைத்திருக்கிறேன். அவருக்கு இரண்டே தீர்ப்புதான்: “நல்லாருக்கு”, “ரொம்ப நல்லாருக்கு”. நான் அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறேன். என்னை ‘மூக்கர்’ என்று கூப்பிடுவார்கள் அல்லவா, இப்போதுதான் அந்தப் பெயருக்கு முழுத் தகுதி வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கறிக்கடைக்காரர் வீட்டில் சீட்டாட்டம். உட்கார்ந்த இடத்தில் ஆடுவதுதானே, காலுக்குத் தொந்தரவு இல்லை.

ஜூனில் வருகிறோம். மூன்று மாடி என்ன, முப்பது மாடியானாலும் ஏறுவேன்.

பேத்திக்கு என் முத்தங்கள். போனில் கொடுத்தால் எழுந்துவிடுவாள்.

அப்பா


பிப்ரவரி 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் விரல் எப்படி? அதை மட்டும் முதல் வரியில் எழுதுங்கள், மற்றதை அப்புறம் படித்துக்கொள்கிறேன்.

பழச்சாறு இரண்டு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பாட்டிலை ஒளித்து வைத்துவிட்டுக் குடித்தேன் என்று சொல்லக்கூடாது. அப்புறம், உங்கள் சட்டைப் பையில் சீஸ் துண்டைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கும் பழக்கம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நீங்கள் வாசலில் நுழைந்ததும் அந்தப் பையைத் துழாவித் தின்றவளே நான்தான். எனக்கே காது குத்தாதீர்கள்.

வாண்டு எதையும் விழுங்குவதில்லை அப்பா. மசித்துக் கொடுத்தால் துப்புகிறாள். வடிகட்டிக் கொடுத்தால் என் முகத்தில் துப்புகிறாள். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, “கொஞ்சம் கம்மிதான், பயப்படாதீங்க” என்றார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்கு அதிகம் பயம் வருகிறது. இன்று அவளுக்கு ஊட்டிய நேரத்தில் ஒரு தெருவுக்கே கண் பரிசோதனை செய்திருக்கலாம்.

சூப்பை மறக்க வேண்டாம்.

உங்கள் மகள்


பிப்ரவரி 27

அன்பு மகளுக்கு,

விரல் நலம்.

பென்சிலில் எழுதுவதற்கு ஒன்றும் காரணம் இல்லை, பேனா அடுத்த அறையில் இருக்கிறது. எழுந்து போய் எடுக்கலாம். ஆனால் எடுக்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதற்குத் தலையணை காரணம்.

சூப் குடிக்கிறேன். ஜூஸும் குடிக்கிறேன். சீஸின் வாசனைகூட இப்போது எனக்கு எட்டுவதில்லை. என்னைச் சில நாளைக்கு லேபிள் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள். லேபிள் ஒட்டும் அம்மா என் இடத்தில். இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டார்.

போர்வையின் நுனி விரலில் பட்டால் என்ன ஆகும் என்று நீ கேட்கவில்லை, ஆகவே நானும் சொல்லவில்லை.

அப்பா


மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சாப்பிட்டாயா, மூட்டு வலி எப்படி என்பதெல்லாம் அடுத்த கடிதத்தில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இப்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அப்பா திருட்டுத்தனமாகச் சீஸ் தின்கிறாரா, இல்லையா?

அவர் படுத்துக்கொண்டு எழுதுகிறார் என்பது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. நான் சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் கால் இப்படி ஆகுமா? சட்டைப் பை, மேஜை டிராயர், சைக்கிள் பெட்டி எல்லாவற்றையும் பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்.

உன் மகள்


மார்ச் 13

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. நான் சாப்பிட்டேன், மூட்டு வலி இருக்கிறது. நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டேன்.

நீ சொன்ன இடத்தையெல்லாம் பார்த்தாகிவிட்டது. சீஸும் இல்லை, அதைச் சுற்றிய காகிதமும் இல்லை. பால்காரரையும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மனுஷன் உன் பேச்சை வேதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பேச்சை ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருந்தால் நான் எங்கேயோ இருந்திருப்பேன்.

ஆனால் கால் மோசம்தான். ராத்திரி மின்விசிறிக் காற்று பட்டாலே முனகுகிறார். தயிர் இல்லாத சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்று அந்தச் சூப்பைத்தான் இரண்டு கிண்ணம் குடிக்கிறார். தாகத்துக்கு உன் ஜூஸ். பாவம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் கறிக்கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போகிறார். போகும்போது முகம் தொங்கியிருக்கும், வரும்போது ஒரு தெளிச்சி. மனசுக்கு ஒரு மாற்றம் வேண்டுமே என்று நானும் விட்டுவிட்டேன்.

வாண்டுக்குப் பல் வந்துவிட்டதா? கடிக்கிற மாதிரி ஏதாவது கையில் கொடுத்துப் பாரேன்.

அம்மா


ஏப்ரல் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள். அம்மா எல்லாம் எழுதிவிட்டாள்.

நீங்கள் இவ்வளவு ஒழுங்காக இருந்தும் குணமாகவில்லை என்றால், உடம்பில் ஊறிய பழைய சீஸ் இன்னும் வெளியேறவில்லை என்றுதான் அர்த்தம். முப்பது வருஷத்துச் சீஸ் அல்லவா. சூப்பைக் காலையும் மாலையும் ஆக்கிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு பெட்டி ஜூஸ் வருகிறது.

முதலாளியம்மா மறுபடி போன் செய்தார். “ஜூன் ஒண்ணுதானே?” என்றார். “ஆமாம் மேடம்” என்றேன். அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

வாண்டு விஷயத்தில் நான் செய்கிற எதுவும் பலிப்பதில்லை அப்பா. எடை அப்படியேதான் இருக்கிறது. பெற்றவள் கையால் ஒரு வாய் இறங்கவில்லை என்றால் அவள் என்ன தாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உங்கள் காலாவது என் பேச்சைக் கேட்கட்டும்.

உங்கள் மகள்


ஏப்ரல் 29

அன்பு மகளுக்கு,

பேனாவில் எழுதுகிறேன், கவனித்தாயா? நானே எழுந்து போய் எடுத்தேன்.

அற்புதம் நடந்துவிட்டது. வீக்கம் வடிந்துவிட்டது. செருப்பு நுழைகிறது. நேற்று முற்றும் அறையின் இரும்புப் படியில் மேலும் கீழுமாக ஏறி இறங்கினேன். பிள்ளைக்குப் பதிலாக ஒரு சீஸ் உருளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. மேலாளர் பார்த்துவிட்டு, “என்ன மூக்கரே, யாருக்குத் தாலாட்டு?” என்றார். என் பழைய வேலையைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். லேபிள் அம்மாவுக்குத்தான் வருத்தம்.

எல்லாம் உன் சூப்பின் மகிமை. காலையில் குடித்தால் மாலைக்குள் தெரிகிறது, மாலையில் குடித்தால் காலைக்குள் தெரிகிறது. சூப் என்றால் இதுவல்லவா சூப். ஜூஸும் அப்படியே. ஆனால் இனிமேல் ஜூஸ் அனுப்ப வேண்டாம். இருப்பதே அடுத்த வருஷம் வரை காணும். தபால் செலவு வீண்.

உன் கை வைத்தியக் கை, பார்த்துக்கொள். கட்டைவிரலே கேட்டபிறகு வாண்டு கேட்காமல் போய்விடுவாளா?

அப்பா


மே 10

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலமில்லை. எனக்குத் தலை சுற்றுகிறது. காரணம் நீங்கள்.

இன்று வாண்டை எடை போடக் கூட்டிப்போனேன். உங்கள் கடிதம் கைப்பையில் இருந்தது. பெருமை தாங்காமல், கேட்காமலேயே சொன்னேன்: “டாக்டரம்மா, எங்க அப்பாவுக்குக் கௌட். பால் சாமான் எல்லாத்தையும் அறவே நிறுத்திட்டேன். ரெண்டு வேளையும் எலும்பு சூப், தாகத்துக்குப் பாட்டில் ஜூஸ்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “உங்க அப்பா மேல உங்களுக்கு ஏதாவது கோபமா?” என்றார்.

அப்பா, பால் எதிரியே இல்லையாம். கொழுப்பு எடுத்த பாலும் தயிரும் கௌட் உள்ளவர்களுக்கு நல்லதுதானாம். சீஸ்கூட, உப்பும் கொழுப்பும் இருப்பதால் அளவாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதானாம். எல்லாப் புரதமும் ஒன்றில்லையாம். எலும்பையும் இறைச்சியையும் கொதிக்கவைத்து இறக்கிய சாறுதான் யூரிக் அமிலத்தை ஏற்றுமாம். ஜூஸில் உள்ள சர்க்கரையும் அதே வேலையைத்தான் செய்யுமாம். அதாவது உங்களுக்கு ஆகாததையெல்லாம் பெட்டி பெட்டியாகத் தபாலில் அனுப்பி, ஆனதையெல்லாம் பிடுங்கிப் போட்டது நான். ஊரார் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிடுகிறவள், ஒரு பக்கத்தை ஒழுங்காகப் படிக்கத் தெரியாமல் அப்பாவைப் படுக்கையில் தள்ளியிருக்கிறேன். அங்கேயே அழுதுவிட்டேன். வாண்டு என் கண்ணீரைத் தொட்டு நக்கினாள். இந்த மாதத்தில் அவள் விரும்பிச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. அப்படியானால் உங்கள் ஏப்ரல் கடிதம்? இரண்டு வேளை சூப் குடித்துக் கால் குணமானது என்பது, எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றி அணைத்தேன் என்பது மாதிரி இருக்கிறது. ஒன்று, நீங்கள் சூப் குடிக்கவில்லை. அல்லது, கால் குணமாகவில்லை. இரண்டில் எது பொய்?

கால்தான் பொய் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். முதலாளியம்மாவிடம் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும். மூன்று மாடி ஏறி நீங்கள் விழுந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது.

உண்மையை மட்டும் எதிர்பார்க்கும்
உங்கள் மகள்


மே 18

அன்பு மகளுக்கு,

கால் பொய் இல்லை. சூப்தான் பொய்.

ஏப்ரல் முதல் வாரத்தில் கம்பெனி டாக்டர் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ரத்தம் எடுத்தார், மாத்திரை எழுதினார், உன் டாக்டரம்மா சொன்னதையேதான் அவரும் சொன்னார். சூப்பைப் பற்றிச் சொன்னபோது, உள்ளே இருந்த நர்ஸைக் கூப்பிட்டு என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கொழுப்பு எடுத்த பால், தயிர், வாரத்தில் சில நாள் ஒரு சின்னத் துண்டுச் சீஸ், நிறையத் தண்ணீர், தவறாமல் மாத்திரை. கால் நன்றாக இருக்கிறது. இந்த முறை நம்பு.

உடனே உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்று பார்த்து உன் ஏப்ரல் கடிதம் வந்தது. ‘உங்கள் காலாவது என் பேச்சைக் கேட்கட்டும்’ என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு பேனா வேறு பக்கம் போய்விட்டது. நான் என்ன செய்வேன்?

ஜூனில் பார்ப்போம்.

அப்பா

இதன் கீழே அம்மா எழுதுவது: தங்கம், உன் அப்பா உன்மேல் வைத்த பாசத்தைச் சொன்னார், சரி. பாதிக் கதையை விட்டுவிட்டார். டாக்டர், “வேற என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டபோது இவர் கூரையைப் பார்த்தார். ஏதோ ஓட்டை இருக்கிறதோ என்று டாக்டரும் பார்த்தார். எனக்கு அப்போதே பொறி தட்டியது. நேராகக் கறிக்கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வெள்ளந்தி. “அண்ணனுக்கு எங்க வீட்டு ஈரல் வறுவல்னா உசுருக்கா. இப்ப தயிர் வேற கெடையாதாமே, பாவம்னு ரெண்டு தட்டு வெக்கிறேன். கூடவே ஒரு பீரு” என்கிறாள். அந்த இரண்டும்தான் அறவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சீட்டாட்டமாம், சீட்டாட்டம்! நீ சீஸ் சீஸ் என்று எழுதியபோதெல்லாம் இவர் ஏன் அவ்வளவு பவ்யமாகத் தலையாட்டினார் என்று இப்போது புரிகிறதா? சீஸ் மாட்டிக்கொண்டால் ஈரல் தப்பிக்குமே! ஆகவே நீ மட்டும் அழாதே. உன் தப்பு பாதி, அவர் தப்பு பாதி. உன் பாதி தெரியாமல் செய்தது.

சீட்டாட்டம் இப்போது நம் வீட்டில். நானும் ஆடுகிறேன், நான்தான் ஜெயிக்கிறேன். ஜூஸைக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருக்கிறேன். மீட்டர் பார்க்க வருகிறவர்கூட இரண்டு பாட்டில் குடிக்காமல் இந்த வீட்டை விட்டுப் போக முடியாது.


ஜூன் 1
(சமையலறை மேஜையில், உப்பு டப்பாவுக்கு அடியில்)

அன்பு மகளுக்கு,

இதே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நீ வேலையிலிருந்து திரும்பும்போது வாண்டு தூங்கிக்கொண்டிருப்பாள். நான் வாயைத் திறந்து சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

நீ போனபிறகு மூன்று மாடியும் இறங்கிப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு ஏறி வந்தேன். கொழுப்பு எடுத்த பால்தான். இரண்டாவது மாடியில் நின்றேன். கால் வலித்து அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் என் வேலையைப் பற்றிக் கேட்டார்.

பிள்ளை காலையில் நீ மசித்து வைத்ததைத் துப்பினாள். உன் அம்மா ஊட்டியதையும் துப்பினாள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்துவிட்டு அவளைத் தூக்கி மடியில் வைத்தேன். என் மூக்கைப் பிடித்தாள், கண்ணாடியைப் பிடித்தாள், அப்புறம் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காகிதத்தைக் கிழித்தாள். உப்புப் போடாத புதுச் சீஸ், என் இன்றைய பங்கு. வாயில் வைத்து அந்த இரண்டு பல்லால் கடித்தாள். நானும் உன் அம்மாவும் மூச்சு விடவில்லை.

விழுங்கிவிட்டாள். மறுபடியும் பைக்குள் கையை விட்டாள்.

உனக்கும் மசித்த சாப்பாடு பிடிக்காது என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் நினைவு வந்தது. நீயும் இந்தப் பையில் இருந்துதான் சாப்பிடக் கற்றுக்கொண்டாய். ஆகவே ‘அவள் என்ன தாய்’ என்று நீ எழுதிய கேள்வியை இத்தோடு விட்டுவிடு. நாளைக்கு உன் சட்டையில் பை இருக்கிறதா என்று பார்.

டாக்டர் எனக்கு அனுமதித்தது ஒரு துண்டு. அதில் பாதிதான் இன்று என் பங்குக்கு வந்தது. இனி என் பத்தியத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

எதிர் முக்கில் ஒரு கறிக்கடை இருக்கிறது. பார்த்தேன். பார்த்ததோடு சரி.

அப்பா

அம்மா எழுதுவது: பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதனால்தான் சரி.